புதுப்பிப்பு: இன்லைன் ஸ்கேட் வாடகைக்கும் கிடைத்தது, வாங்கியும்விட்டேன்

பெருநகரில் இன்லைன் ஸ்கேட்டுகளை (சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த சறுக்குக் காலணிகளை) எங்கே வாங்கலாம், வாடகைக்குக் கிடைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். பயிற்சி வகுப்பு நடக்கும் ஸ்கேட்டிங் தளங்களில் விசாரிக்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி; அங்கேதான் வாடகைக்குக் கிடைத்தது. முதலில் தந்த ஜோடியில் குதிகால் பிரேக்கின் ரப்பர், உள்ளே இருக்கும் திருகு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்ததால், மாற்றித் தரச் சொன்னேன். வாடகைக்கு எடுப்பவர்கள் இதை அவசியம் பார்த்துவிடுங்கள்.

சில வாரங்கள் ஓட்டிப் பழகிய பிறகு, ஸ்கேட்டுகளை மட்டுமே விற்கும் கடை ஒன்றுக்குச் சென்று, வழக்கமாக அணியும் காலுறையோடு போட்டுப் பார்த்து, நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட்டும், முழங்காலை மடக்கும்போது சற்றே விலகியும், குதிகால் மேலே எழாமலும் இருந்த அளவையே வாங்கினேன். சக்கரத்தின் விட்டம் 80 மி.மீ.; சக்கரம் எளிதாகச் சுழல உதவும் பேரிங், ஸ்கேட்போர்டிலும் பயன்படும் 608 வகை என்பதால், ஸ்கேட்போர்டு விற்கும் கடைகளிலும் மாற்று கிடைக்கும்.