தோய்ச்சலில் ஒரு கத்தி கீறியது, இன்னொன்று மழுங்குகிறது: எங்கே தவறு?

கேள்வி (திருவையாறு அருகிலிருந்து)

வணக்கம். எங்கள் தோட்டத்தில் வாழை இலை அறுக்கவும் தார் வெட்டவும் அப்பாவுக்கு ஒரு கத்தியை என் கையாலேயே அடித்துக் கொடுக்க ஆசைப்படுகிறேன். தாத்தாவின் பட்டடைக்கல், குறடு, சம்மட்டி, துருத்தி எல்லாம் வீட்டில் இருக்கின்றன. கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் அவர் இல்லை. பழைய இரும்புக் கடையில் லாரியின் வில்பட்டைத் துண்டு ஒன்று வாங்கினேன். உலைக்குக் கருவேலங்கரி.

முதல் கத்தியை நண்பகலில் கொல்லையில் வைத்துக் காய்ச்சினேன். செம்பருத்திப் பூவின் நிறம் வந்ததும் வாளித் தண்ணீரில் முக்கினேன். 'டிங்' என்று ஓர் ஒலி. பார்த்தால் வாய்ப் பக்கத்திலிருந்து உள்நோக்கி ஒரு கீறல்.

அந்தப் பயத்தில் இரண்டாவதை இரவு ஏழு மணிக்குக் காய்ச்சி, அதே நிறம் வந்ததும் எடுத்து, ஒரு தகரக் குவளையில் இருந்த பழைய எஞ்சின் எண்ணெயில் முக்கினேன். கீறல் இல்லை. ஆனால் அரம் வாழைத்தண்டில் இறங்குவது போல இறங்குகிறது. நான்கு தார் வெட்டியதும் வாய் மடங்கிவிட்டது. பட்டையே மட்டமானதா?

மறுமொழி (மன்னார்குடி)

தம்பி, பட்டை மேல் பழி போடாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: ஒன்று நண்பகல், மற்றொன்று இரவு. உச்சி வெயிலில் இரும்பின் சிவப்பு மங்கித் தெரியும். உங்கள் கண்ணுக்குச் செம்பருத்தி நிறம் வருவதற்குள் இரும்பு அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டிருக்கும். இருட்டிலோ குறைந்த சூடே பளிச்சென்று தெரியும். அதே நிறத்தை நம்பி எடுத்தீர்கள், சூடு போதவில்லை. எங்கள் பட்டறையில் உலையை எப்போதும் கூரைக்குக் கீழே, வெயில் படாத மூலையில்தான் வைத்திருந்தோம். நிழலுக்காக என்று பலர் நினைப்பார்கள். நிறம் பார்க்கத்தான் அந்த மூலை.

கண் பழகும்வரை பழைய ஒலிபெருக்கியில் இருக்கும் காந்தத்தை ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தில் ஒட்டுவதை நிறுத்திவிடும். வில்பட்டைக்கு அதற்குமேல் இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும், 830 முதல் 850 வரை. காந்தம் ஒட்டாத நிலையிலிருந்து நிறம் ஒரு படி ஏறும்வரை காத்திருந்து, உடனே எண்ணெயில் இறக்குங்கள்.

கீறிய கத்தியை அந்த இடத்திலேயே உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் ரவை போலப் பருபருவென்று மின்னினால் அதிகச் சூடு என்பது உறுதி. நல்ல பதத்தில் அது சாம்பல் நிறத்தில் நைசாக இருக்கும்.

மறுமொழி (வேதாரண்யம்)

தண்ணீர் கூடவே கூடாதா? என் அப்பா அடித்த கதிர் அரிவாள்கள் எல்லாமே தண்ணீரில் தோய்த்தவைதான். அவற்றில் ஒன்று இன்றும் தாளடி அறுப்புக்குப் போகிறது.

மறுமொழி (மன்னார்குடி)

உங்கள் அப்பா செய்தது சரிதான், ஐயா. சாதாரண கரி எஃகுக்குத் தண்ணீர் பொருந்தும், அதிலும் வாயை மட்டும் முக்கி எடுக்கும் கைப்பழக்கம் அவருக்கு இருந்திருக்கும். லாரிப் பட்டையில் மாங்கனீசோடு சிலிக்கானோ குரோமியமோ கலந்திருக்கும். அது எண்ணெயிலேயே கெட்டிப்படும். தண்ணீரின் வேகத்தைப் பெரும்பாலும் தாங்காது.

திருவையாற்றுத் தம்பிக்கு இன்னும் சில. தோய்ப்பதற்கு முன் காந்தம் ஒட்டாத சூட்டுக்கு ஏற்றிக் காற்றில் ஆறவிடுவதை மூன்று முறை செய்யுங்கள், சம்மட்டி அடியால் உண்டான இறுக்கம் தளரும். வாயை முன்கூட்டியே மெல்லியதாக அராவிவிடாதீர்கள். ஒரு ரூபாய் நாணயத்தின் கனமாவது இருக்கட்டும், மீதியைத் தோய்த்த பிறகு சாணையில் எடுக்கலாம். எஞ்சின் எண்ணெயின் புகை நுரையீரலுக்கு ஆகாது. கடலை எண்ணெய் நான்கைந்து லிட்டர் இரும்புப் பாத்திரத்தில் ஊற்றி, கை பொறுக்காத அளவுக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குவளை எண்ணெய் நொடியில் கொதித்துவிடும், கத்தி எப்படிக் குளிரும்? தீப்பிடித்தால் மூட ஒரு தகரத் தட்டும் மணலும் பக்கத்தில் இருக்க வேண்டும். வைக்கோல் போர் அருகில் இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

தோய்த்ததும் பதம் இறக்காமல், அதாவது மறுபடி குறைந்த சூடு காட்டி நொறுங்கும் தன்மையைக் குறைக்காமல், அடுத்த நாளுக்கு வைக்கக் கூடாது. மேலே படிந்த கரும்படலத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பழுக்கக் காய்ச்சிய தடித்த இரும்பின் மேல் கத்தியின் முதுகை வையுங்கள். நிறம் முதுகிலிருந்து வாயை நோக்கி ஓடி வரும். வாயில் அடர்ந்த வைக்கோல் நிறம் வந்தவுடன் எடுத்துவிடுங்கள். வைக்கோலின் நிறத்தை நம் ஊர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர் (இரண்டு வாரம் கழித்து)

ஐயா, உடைத்துப் பார்த்தேன். அப்படியே ரவைதான்! மாட்டுக்கொட்டகை காலியாகக் கிடந்தது, உலையை அங்கே மாற்றிவிட்டேன். மூன்றாவது கத்தியில் முதலில் மேல்தோலை மட்டும் அரம் கடித்தது, பிறகு கண்ணாடியில் சறுக்குவது போலச் சறுக்கியது. அந்த ஒலியைக் கேட்டபோது தாத்தா பக்கத்தில் நிற்பது போலவே இருந்தது. முப்பது தார் வெட்டியும் வாய் மடங்கவில்லை. 2018 கஜா புயலில் விழுந்த புளியமரத்தின் கட்டை ஒன்று காய்ந்து இருக்கிறது. பிடிக்கு ஆகுமா? அரக்கு வைத்துத்தான் இறக்க வேண்டுமா?

மறுமொழி (மன்னார்குடி)

புளி நன்றாக ஆகும், வெடிப்பு இல்லாத பக்கமாகப் பாருங்கள். பூண் போட்ட பிறகு துளையிட்டு அரக்குத் தூள் நிரப்பி, கத்தியின் வாலைக் காய்ச்சி இறக்குங்கள். காய்ச்சும்போது வாய்ப் பகுதியை ஈரச் சாக்கால் சுற்றிக்கொள்ளுங்கள். சூடு அங்கே ஏறினால் இவ்வளவு பாடுபட்டு வைத்த பதம் போய்விடும்.