மார்த்தாண்டம் பக்கம் பழைய நர்ஸ் பயிற்சிப் பள்ளி: கல்லில் உள்ள 1109 எந்த வருஷம்?

விளவங்கோட்டான்:
ஒரு மிஷன் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பழைய நர்ஸ் பயிற்சிப் பள்ளி, இப்போது பூட்டிக் கிடக்கிறது. முன்வாசல் கருங்கல்லில் '1109 மேடம் 12' என்று மட்டும் வெட்டியிருக்கிறது. ஓட்டில் பாசல் மிஷன் (சுவிஸ் கிறிஸ்தவ மிஷன்) முத்திரை. ஊரில் '150 வருஷப் பள்ளி' என்கிறார்கள். எதை நம்புவது?

கல்குளம்காரன்:
கொல்லம் ஆண்டு அது, மலையாள வருஷக் கணக்கு. ஆவணி ஒன்றில் பிறக்கும். ஆங்கில வருஷம் வேண்டுமானால், ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்டணும், ஜனவரியிலிருந்து 825. எல்லா மாசத்துக்கும் 825 போட்டு ஒரு வருஷம் தப்புகிறவர்கள்தான் அதிகம். மேடம் என்றால் சித்திரை. ஆக 1934 ஏப்ரல் கடைசி. கல் அஸ்திவார மட்டத்தில் இருந்தால் அடிக்கல், நிலைக்கு மேலே இருந்தால் பெரும்பாலும் வேலை முடிந்த தேதி. வெள்ளையடித்திருந்தால் சுரண்டாதீர்கள். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுங்கள், எழுத்து எழும்பி நிற்கும்.

ஓட்டுக்கூரை:
ஓட்டை வைத்து வயசு சொல்ல வேண்டாம். பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் ஓட்டுச் சூளை தொடங்கியது. முதல் உலகப் போரில் அரசு எடுத்துக்கொண்டு, பிறகு காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனி கைக்குப் போனது. ஆகவே 1934 கட்டடத்தில் அந்த முத்திரை இருந்தால், வேறு கூரையிலிருந்து கழற்றி வந்த ஓடாக இருக்கலாம். கூரையின் இரண்டு சாய்விலும் நாலைந்து ஓடு எடுத்து அடிப்பக்கம் பாருங்கள். முத்திரை கலந்து வந்தால் இடையில் ஓடு மாற்றியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் மேலே ஏறாதீர்கள், பாசி வழுக்கும். பட்டியல் (ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம்) உளுத்திருந்தால் கால் உள்ளே போகும்.

தோவாளை:
150 என்பது அநேகமாக ஆஸ்பத்திரியின் வயசு. உதாரணமாக, நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி 1838-இல் தொடங்கியது. அதனால் பயிற்சிப் பள்ளிக்கும் அதே வயசு ஆகிவிடாது. ஆஸ்பத்திரி, பள்ளி, கட்டடம் மூன்றுக்கும் தனித்தனித் தேதி தேடுங்கள்.

1949 ஜூலை 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானம், பிறகு 1956 நவம்பர் 1 வரை திரு-கொச்சி (திருவிதாங்கூர்-கொச்சி) மாநிலம். 1926-இன் மதராஸ் நர்ஸ் சட்டம் அப்போது இங்கே செல்லவில்லை; அந்தக் காலப் பதிவைச் சென்னையில் தேடி நாள் கழிக்க வேண்டாம். திரு-கொச்சி நர்ஸ் சட்டம் 1953-இல்தான் வந்தது. அங்கே படித்த பழைய நர்ஸ்களின் சான்றிதழ் கிடைத்தால் முத்திரையைப் பாருங்கள், எந்த நர்ஸ் பதிவுக் கவுன்சில் என்று தெரியும். நில ஆதாரம் (பத்திரம்) மலையாளத்தில் இருக்கும். பழைய கையெழுத்து வாசிக்கத் தெரிந்த ஆதார எழுத்துக்காரரைக் கூட்டிப் போங்கள். லண்டன் மிஷன் இடமாக இருந்தால், அவர்களுடைய பழைய காகிதங்கள் லண்டனில் சோவாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

விளவங்கோட்டான்:
கல் நிலைக்கு மேலேதான் இருக்கிறது. அப்படியானால் அடிக்கல் வேறே இருக்கணும், தரை மட்டத்தில் தேடுகிறேன்.

கல்குளம்காரன்:
வடகிழக்கு மூலையில் முதலில் பாருங்கள். பின்னால் சிமெண்டுத் தளம் போட்டிருந்தால் அதற்குள் புதைந்திருக்கும்.