மே மாதம், இரண்டு பேர், 2,000 கிலோமீட்டர், 90,000 ரூபாய்: எந்தப் பழைய வண்டி வாங்கலாம்?

தஞ்சை வாத்தியார்

வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார் நான். வயது 46. பதினொரு வருடமாக ஒரே 100 சிசி வண்டிதான் ஓட்டுகிறேன். பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் அது போதும். இப்போது ஒரு நீண்ட பயணத்துக்காகப் பழைய வண்டி ஒன்று வாங்க வேண்டும்.

என் மனைவி நாகப்பட்டினத்துக்காரர். கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்த்தே வளர்ந்தவர். கடலுக்குள் சூரியன் இறங்குவதை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. கன்னியாகுமரிக்கு ஒரே ஒரு முறை போனோம், அன்று சாயங்காலம் மேகம் மூடிவிட்டது. மேற்குக் கரைக்குக் கூட்டிப்போகிறேன் என்று கல்யாணமான புதிதில் சொன்னேன். அப்புறம் பிள்ளை, வீட்டுக்கடன், கடைசி நான்கு வருடம் படுக்கையில் இருந்த என் அம்மா. அம்மாவை இரவும் பகலும் பார்த்துக்கொண்டது அவர்தான். அம்மா போன மார்கழியில் தவறிவிட்டார். இந்தக் கோடை விடுமுறையில் எப்படியும் கிளம்பிவிடுவது என்று இருக்கிறோம். ரயிலில் போகலாமே என்றான் மகன். நினைத்த இடத்தில் இறங்கி நின்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

திட்டம் இது: திண்டுக்கல், தேனி, போடிமெட்டு ஏறி மூணாறு. அங்கிருந்து கொச்சி. பிறகு கடலை ஒட்டியே கோழிக்கோடு, பேக்கல், மங்களூர், உடுப்பி, முருதேஸ்வர், கோகர்ணா. திரும்பும்போது ஹொன்னாவரிலிருந்து ஜோக் அருவி வழியாக சிவமொக்கா, மைசூர், திம்பம் இறங்கி சத்தியமங்கலம், வீடு. ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதாக இல்லை.

வண்டி, ரிப்பேர் வேலை, பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்து 90,000. பெட்ரோலுக்கும் தங்குவதற்கும் தனியாக வைத்திருக்கிறேன். இதுவரை பார்த்தவை:

கும்பகோணத்தில் 2014 தண்டர்பேர்ட் 350, இரண்டாவது ஓனர், 41,000 கி.மீ., 82,000 கேட்கிறார். திருச்சியில் 2017 அவெஞ்சர் 220 க்ரூஸ், ஒரே ஓனர், 23,000 கி.மீ., 58,000. தஞ்சையிலேயே 2018 பல்சர் 220எஃப், 36,000 கி.மீ., 64,000. இன்னொன்று, வெளிநாட்டுக் கம்பெனியின் 300 சிசி இரட்டை சிலிண்டர் வண்டி, இப்போது விற்பனையில் இல்லாத மாடல், 88,000-க்குத் தருகிறேன் என்கிறார். உண்மையைச் சொன்னால் மனசு அதில்தான் நிற்கிறது. அந்தச் சத்தம் அப்படி.

என் உயரம் 5 அடி 5 அங்குலம். மனைவிக்கு இடுப்பில் பழைய வலி உண்டு. அடிக்கடி நிறுத்தி இறங்கி நடந்தால் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மாயவரம் பட்டறை

சார், முதலில் அந்த இரட்டை சிலிண்டரை விட்டுவிடுங்கள். நல்ல இன்ஜின்தான், குறை சொல்லவில்லை. ஆனால் முருதேஸ்வரில் ஒரு லீவர் உடைந்தால் யாரிடம் கேட்பீர்கள்?

இது நான் பட்டது. உற்பத்தி நின்றுபோன வண்டி ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி வால்பாறைக்குப் போனேன். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசியும் ஏறி முடித்தது. மறுநாள் காலை கிளம்பவில்லை, பிளக்குக்கு ஸ்பார்க் அனுப்பும் சிடிஐ பெட்டி போய்விட்டது. இருபது வருடமாகப் பட்டறை வைத்திருப்பவன் நான், கையில் எல்லா டூல்ஸும் இருந்தது, ஒன்றும் செய்ய முடியவில்லை. பொள்ளாச்சியில் கிடைக்கவில்லை, கோவையில் கிடைக்கவில்லை. கடைசியில் வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றி இறக்கினேன். எனக்காவது பக்கத்தில் யாரும் இல்லை. உங்களோடு இடுப்புவலிக்காரர் ஒருவர் வருகிறார். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலும் பார்ட்ஸ் கிடைக்கிற வண்டி, எந்த மெக்கானிக்கும் கை வைக்கத் தயங்காத வண்டி, அதுதான் உங்களுக்கு டூரிங் வண்டி. மீதி மூன்றும் அப்படிப்பட்டவைதான்.

பல்சர் 220எஃப் ஓட்டுகிறவருக்கு அருமையான வண்டி. 15 லிட்டர் டேங்க், 80-ல் அலுங்காமல் போகும். ஆனால் பின் சீட் தனியாக, உயரமாக, ஒடுங்கலாக இருக்கும். பத்து நாள் அதில் உட்காரச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவெஞ்சர் தாழ்வான வண்டி, உங்கள் உயரத்துக்குக் கால் நன்றாக ஊன்றும், ஏறக்குறைய 155 கிலோதான். குறை என்னவென்றால், காலை முன்னால் நீட்டி உட்காருவதால் பள்ளத்தில் விழும் அடி நேராகத் தண்டுவடத்துக்கு வரும். பின் சக்கரம் 15 அங்குலம், ஸ்போக் வீல், டியூப் டயர். அந்த அளவு டியூப் சாலையோரப் பஞ்சர் கடையில் இருக்காது, கையில் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும்.

தண்டர்பேர்டில் பின்னால் அகலமான சீட், சாய்வதற்கு பேக்ரெஸ்ட், 20 லிட்டர் டேங்க். முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். ஆனால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது, எடை 190 கிலோவுக்கு மேல், ஈரச் சாலையில் நிதானம் வேண்டும். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. ஆனால் 82,000-க்கு இல்லை. 41,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு செயின் ஸ்ப்ராக்கெட், டயர், பேட்டரி, கேபிள்கள், பிரேக் பேட் என்று கை வைத்தால் 15,000 ஆகும். அந்தப் பணத்தை ஒதுக்கிவிட்டு விலை பேசுங்கள். 72-க்கு மேல் போக வேண்டாம்.

பார்க்கப் போகும்போது, நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார். செல்ஃப் போடும்போது உள்ளே 'டக்' என்று உதைத்தால், செல்ஃப் மோட்டாரை இன்ஜினோடு இணைக்கும் ஸ்ப்ராக் கிளட்ச் தேய்ந்திருக்கும், செலவு. ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டுச் சட்டென்று முறுக்குங்கள், நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது, பேசாமல் திரும்பிவிடுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன்சக்கரம் தூக்கியிருக்க ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற பேரிங், போய்விட்டது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கம் செயினை விரலால் இழுங்கள், பாதிப் பல் தெரிந்தால் செட்டையே மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம் செய்தது. மேலே பட்டன், அதாவது டயரின் பிடிப்புக் கட்டைகள், எவ்வளவு இருந்தாலும் அந்த வயசு டயரில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மே மாதத் தார்ச்சாலையில் போகக் கூடாது.

மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் பிரேக் பெடலும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். 41,000 என்றால் தேய்ந்திருக்க வேண்டும், வழவழவென்று ஆகியிருக்கக் கூடாது.

இன்னொன்று, இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2014 கார்புரேட்டர் வண்டி அதற்காகச் செய்ததில்லை. பெட்ரோல் குழாயைப் புதிதாக மாட்டி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

அவெஞ்சர்க்காரி, கோவை

அண்ணா, ஆறு வருடம் பின்னால் உட்கார்ந்து போய்விட்டு, இப்போது சொந்தமாக அவெஞ்சர் ஓட்டுகிறேன். நான் ஓட்டும் வண்டி என்பதற்காக அதையே வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன்.

வண்டி பார்க்க அண்ணியைக் கூட்டிப்போங்கள். நீங்கள் மட்டும் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு முடிவு செய்யாதீர்கள். அண்ணியை ஏற்றிக்கொண்டு அரை மணி நேரம், நாலு வேகத்தடை, ஒரு மோசமான தெரு. இறங்கியதும் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், இடுப்பை அப்புறம் கேட்கலாம். பின் ஃபுட்ரெஸ்ட் உயரமாக இருந்தால் முழங்கால் மடங்கியே இருக்கும், அந்தச் சுமைதான் இடுப்புக்கு ஏறும். பின்னால் இருப்பவர்கள் வலிக்கிறது என்று லேசில் சொல்ல மாட்டோம். ஓட்டுகிறவர் உற்சாகமாக இருக்கும்போது நிறுத்தச் சொல்ல மனசு வராது. அதனால் கடிகாரத்தை வைத்து நிறுத்துங்கள், 50 நிமிடத்துக்கு ஒரு முறை, வலித்தாலும் வலிக்காவிட்டாலும்.

பையை அண்ணி முதுகில் மாட்டவே கூடாது. இரண்டு பக்கமும் தொங்கும் சேடில்பேக் வாங்குங்கள், அது சைலன்சரில் படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் பத்தரைக்கு அன்றைய ஓட்டத்தை முடித்துவிடுங்கள். மே மாதத்தில் மங்களூர்ப் பக்கம் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். மே 20-க்குள் திரும்பிவிடுவது நல்லது. வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டித்தான் கேரளத்தில் பருவமழை என்றாலும் 2025-ல் மே 24-ஆம் தேதியே வந்துவிட்டது.

பேப்பர் பார்ப்பவன்

வண்டியைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் ஆர்சி பற்றி மட்டும்.

அரசாங்கத்தின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ் தேதி, கடன் பதிவு எல்லாம் பாருங்கள். கட்டாத அபராதம் இருக்கிறதா என்று தனியாக இ-சலான் பக்கத்தில் பாருங்கள். கடன் பதிவு இருந்தால், அடைத்துவிட்டேன் என்ற வாய்ச்சொல் போதாது. பைனான்ஸ்காரரின் என்ஓசியும் (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்), கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள். இதில் நான் ஏமாந்திருக்கிறேன். விற்றவர் தவணை பாக்கி வைத்திருந்தார், எட்டு மாதம் அலைந்தேன். சேஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் நீங்களே ஆர்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு, பெயர் மாற்றத்தைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்ப வேண்டாம். மூன்று மாநிலம் போகிறீர்கள். பெயர் மாறியதும் 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கேரளத்தில் 2023 ஜூனிலிருந்து ஏஐ கேமரா அபராதம் போடுகிறது, பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

தஞ்சை வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மனைவியோடு திருச்சி போய் அவெஞ்சரைப் பார்த்தோம். சுத்தமான வண்டி, நல்ல மனிதர். நான் அதையே பேசி முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பாலக்கரைப் பக்கம் ஒரு சுற்று வந்து இறங்கியதும், தங்கை சொன்னது போலவே முதலில் முழங்காலைக் கேட்டேன். "முழங்கால் பரவாயில்லை, பள்ளத்தில் விழும்போது இங்கே" என்று இடுப்பில் கை வைத்துக் காட்டினார். கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டார். அதனால் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

கும்பகோணத்துக்காரரிடம் பேசினேன். 75 வரை இறங்கியிருக்கிறார். கடன் பதிவு எதுவும் இல்லை, ஆப்பில் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். பட்டறை ஐயா, ஸ்ப்ராக் கிளட்ச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் விளக்க முடியுமா?

மாயவரம் பட்டறை

எழுதிப் புரியவைக்க முடியாது சார், காதால் கேட்க வேண்டும். கும்பகோணம் எனக்கு ஒரு மணி நேரம்தான். ஞாயிறு காலை ஏழு மணிக்கு மகாமகக் குளம் வடகரையில் நில்லுங்கள், வந்துவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் வரட்டும். ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.