பழைய வார்ப்பிரும்பு டேபிள் சா: வாங்குமுன் எதைப் பார்ப்பது?

தேக்குச்சட்டம்:
வீட்டுப் பட்டறைக்கு 10 அங்குல டேபிள் சா (மேசை ரம்பம்) தேடுகிறேன். 1960களின் யூனிசா (டெல்டா கம்பெனியின் டேபிள் சா மாடல்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, தகட்டில் ராக்வெல் என்று இருக்கிறது. மேசை முழுக்கத் துரு, த்ரீ பேஸ் மோட்டார், பிளேடை மூடும் கார்டு இல்லை. நேரில் பார்க்கும்போது எதை வைத்து முடிவு செய்வது?

இழைப்புளி:
ராக்வெல், டெல்டா எல்லாம் அந்தக் காலத்தில் ஒரே கம்பெனிதான். துருவைக் கண்டு மிரளாதீர்கள், விரிசலைத் தேடுங்கள். மேல்துரு மண்ணெண்ணெய்க்கும் ஸ்கிராப்பருக்கும் போய்விடும். மேசைக்கு அடியில் பிளேடைத் தாங்கிச் சாய்க்கிற ட்ரன்னியன் வார்ப்பில் விரிசல் இருந்தால் விலை பேசவே வேண்டாம். வார்ப்பிரும்பை வெல்டிங் செய்வது கஷ்டம். செய்தாலும் சூட்டில் கோணும். போல்ட் துளைகளைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்தது ஆர்பர், அதாவது பிளேடு மாட்டும் ஷாஃப்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடைக் கழற்றி, ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டமோ கரகரப்போ இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றிக்கொள்ளலாம், விலையில் கழித்துக் கேளுங்கள். பிறகு பிளேடு உட்காரும் ஃபிளான்ஜ் (வட்டத் தட்டு) முகத்தில், நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றுங்கள். 0.025 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. அங்கே உள்ள பிசகு பிளேடின் விளிம்பில் பல மடங்காகும். பிளேடை மாட்டி அளந்தால் பிசகு ஆர்பரிலா பிளேடிலா என்று தெரியாது.

மேசையில் மட்டக்கோலைக் குறுக்காக வைத்து இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விடுங்கள். மூலையில் 0.25 மி.மீ. தாழ்வு பரவாயில்லை, பிளேடைச் சுற்றிப் பள்ளம் கூடாது.

மின்கம்பி:
த்ரீ பேஸ் என்பதால் வாங்குபவர்கள் குறைவு, அதுவே உங்களுக்கு லாபம். சிங்கிள் பேஸில் ஓடும் வி.எஃப்.டி. (வீட்டு மின்சாரத்தை த்ரீ பேஸாக மாற்றித் தரும் கருவி) போதும். ஆனால் மோட்டார் தகட்டில் 220-240 வோல்ட் இணைப்பு இருக்கிறதா பாருங்கள். 400க்கு மேல் மட்டும் என்றால் சாதாரண வி.எஃப்.டி. உதவாது. பழைய ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு வி.எஃப்.டி.யிலிருந்து நேராக மோட்டாருக்குக் கொடுங்கள். இடையில் ஸ்விட்ச் வைத்து ஓட்டத்தில் துண்டித்தால் வி.எஃப்.டி. போய்விடும். வேறு மோட்டார் மாட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட வேண்டாம்: பழைய யூனிசாவின் மோட்டார் பிடிப்பு தனி ரகம். பெல்ட் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றுங்கள்.

வெட்டுவாய்:
கார்டு இல்லாததைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். இந்தக் காலத்து மிஷின்களில் பிளேடுக்குப் பின்னால் நின்று அதோடு ஏறி இறங்கி, வெட்டு மூடாமல் தடுக்கும் ரைவிங் நைஃப் இதில் கிடையாது. வெட்டிய மரம் மூடிக்கொண்டு பிளேடின் பின்பக்கத்தைப் பிடித்தால் கட்டை உங்கள் மேலேயே பாயும். குறைந்தது, அதே வேலையைச் செய்யும் ஒரு ஸ்பிளிட்டர் தகடாவது மாட்டுங்கள். 3.2 மி.மீ. வெட்டு விடும் பிளேடுக்கு 2.8 மி.மீ. தகடு சரி. மரத்தை நேராக நடத்தும் தடுப்பான ஃபென்ஸின் பின்முனை பிளேடுப் பக்கம் நெருங்கவே கூடாது. யூனிசா வலப்புறம் சாயும். சாய்த்து அறுக்கும்போது ஃபென்ஸை இடப்பக்கம் மாற்றுங்கள்.

தேக்குச்சட்டம்:
நன்றி. என்னிடமுள்ள சின்ன மிஷினை விற்றுவிட்டுத்தான் இதை வாங்க வேண்டும். பெயின்ட் அடித்தால் விலை கூடுமா?

இழைப்புளி:
வேண்டாம், குறையும். புதுப் பெயின்டைப் பார்த்தாலே விரிசலை மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வரும். மேசையைத் துடைத்து சிலிக்கான் இல்லாத மெழுகு பூசுங்கள். மைட்டர் கேஜ் (கோணம் வைத்து அறுக்க உதவும் துணைக்கருவி), பிளேடு வாய்த்தட்டு, ஆர்பர் நட் மூன்றையும் சேர்த்துப் படமெடுங்கள். தொலைந்தால் பழைய மாடலுக்குத் தேடுவது பெரும்பாடு. வருபவர் முன்னால் ஓட்டிக்காட்டுங்கள். ஏற்றும்போது மேசையின் இரு பக்கமும் மாட்டியிருக்கும் சிறகுகளைப் பிடித்துத் தூக்க விடாதீர்கள்.