தங்கச்சிக்குப் புது சிஸ்டம்: எந்த ப்ராசசர் எடுக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. தங்கச்சி இந்த வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள். படிப்புக்கும் கேமுக்கும் சேர்த்து ஒரே சிஸ்டமாக அசெம்பிள் பண்ணித் தரப்போகிறேன். பகலில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, பைதான், ராத்திரியானால் வாலரன்ட். 1080பி மானிட்டர் வீட்டிலேயே இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், கிராஃபிக்ஸ் கார்டு தீபாவளி போனஸ் வந்த பிறகுதான் வாங்க முடியும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் ஐ5 12400எஃப் போட்டு கொட்டேஷன் கொடுத்தார்கள். விலை கட்டுப்படியாகிறது. ஆனால் கடைசியில் 'எஃப்' என்று முடிகிற இன்டெல் ப்ராசசரில் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு மாட்டும்வரை மானிட்டரில் ஒன்றுமே வராது.

அதனால் உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கும் ஏஎம்டி ப்ராசசர்களான ரைசன் 5 7600, ரைசன் 5 8600ஜி இரண்டில் ஒன்று என்று நினைக்கிறேன். இரண்டுமே 6 கோர், 12 த்ரெட், ஏஎம்5 சாக்கெட், டிடிஆர்5 ராம். 8600ஜி என்றால் கார்டு இல்லாமலே வாலரன்ட் நன்றாக ஓடும். 7600-இல் இருக்கும் கிராஃபிக்ஸ் படிப்பு வேலைக்குப் போதும், கேமுக்குப் பத்தாது. ஆனால் 7600-க்கு எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பி, 8600ஜி-க்கு 16 எம்பிதான். கார்டு போட்டுவிட்டால் கேமில் 7600தான் முந்தும்.

நாலு வருஷப் படிப்பு என்பதால் என் மனசு 7600 பக்கம்தான் சாய்கிறது. பாவம், தீபாவளிவரை அவள் கேம் இல்லாமல் இருக்க வேண்டும்.

7600 வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: ஏசி இல்லாத ரூமில், சென்னை வெயிலுக்கு, கூடவே வரும் கூலர் தாங்குமா? மதர்போர்டு ஏ620 சிப்செட்டில் போதுமா, பி650-க்குப் போக வேண்டுமா?