‘செல் லைன்’: மரபணு ஏற்றிய உயிரணுத் தொடர்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் ஒரே வகை உயிரணுக்களைக் குறிக்கும் ‘செல் லைன்’ (cell line) என்பதையும், வெளியிலிருந்து மரபணு செலுத்தப்பட்ட செல் லைனையும் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்பதே இங்கே கேள்வி. செல் லைனுக்கு முன்மொழியப்பட்டவற்றுள் ‘உயிரணு வரிசை’ எனக்கு உடன்பாடானதன்று, டி.என்.ஏ.வின் எழுத்தொழுங்கையே வரிசை என்று எழுதிப் பழகிவிட்டோம். ‘கால்வழி’ நல்ல சொல்தான். ஆனால் கருவின் ஓர் உயிரணுவிலிருந்து எந்தெந்தத் திசுக்கள் கிளைக்கின்றன என்று விளக்குமிடத்தில் அது வேண்டியிருக்கும். வளர்ப்புத் தட்டு நிரம்பியதும் உயிரணுக்களைப் பிரித்து, புதிய ஊடகத்தில் (ஊட்டக் கரைசலில்) இட்டு, மீண்டும் மீண்டும் வளர்த்துச் செல்வதால் ‘உயிரணுத் தொடர்’ போதும் என்பது என் கருத்து.

சிக்கல், மரபணு செலுத்தப்பட்டதைக் காட்டும் அடைமொழியில்தான் இருக்கிறது. கார்ட்டிகோட்ரோபின் விடுவிப்புக் காரணியை எடுத்துக்கொள்வோம். 41 அமினோ அமிலங்களாலான இந்த நரம்புப் பெப்டைடை (நரம்பணுக்கள் சுரக்கும் சிறு புரதத் துண்டை) 1981இல் சால்க் நிறுவனத்தின் வைலி வேல் குழுவினர் ஆட்டு மூளையின் ஹைப்போதலாமசிலிருந்து பிரித்து இனங்கண்டனர். இதன் முதல்வகை ஏற்பி (உயிரணுவின் மேற்பரப்பில் இப்பெப்டைடைப் பிடித்துக்கொள்ளும் புரதம்), சுண்டெலியின் பிட்யூட்டரிக் கட்டியிலிருந்து வந்த ஏ.டி.டி-20 தொடரில் இயல்பாகவே உள்ளது. சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து பெற்ற சி.எச்.ஓ. தொடரிலோ, மனித ஏற்பியின் மரபணுவை நுண்ணுயிர்க்கொல்லியைத் தாங்கும் மரபணுவோடு சேர்த்துப் பிளாஸ்மிடில் (சிறு வட்ட டி.என்.ஏ.வில்) வைத்து உட்செலுத்தி, அந்தக் கொல்லியிட்ட ஊடகத்தில் பிழைத்தவற்றுள் ஒன்றைத் தனியே பெருக்கிக்கொள்கிறார்கள். பெப்டைடு ஏற்பியைத் தொட்டதும் உயிரணுவுக்குள் வளைய ஏ.எம்.பி. என்னும் செய்தி கடத்தும் மூலக்கூறு உயர்கிறது, ஒரு மருந்து ஏற்பியைத் தடுக்கிறதா என்பதை அந்த உயர்வு குறைவதைக் கொண்டே அளக்கிறார்கள்.

இப்படி மரபணு செலுத்திய தொடரை ‘மரபணு மாற்றிய’ என்றால் சேர்த்ததா எடுத்ததா என்பது விளங்காது. மரபணு மாற்றிய கத்தரிக்காய் குறித்த விவாதத்தின் வாடையும் கூடவே வரும். ‘ஏற்பி ஏற்றிய’ என்பது காதுக்கு இனிமையாக இருந்தாலும், நாம் ஏற்றுவது மரபணுவைத்தான், ஏற்பியை உயிரணுவே செய்துகொள்கிறது. ஆகவே ‘மரபணு ஏற்றிய உயிரணுத் தொடர்’ என்றும், எடுத்துவிட்டதை ‘மரபணு நீக்கிய உயிரணுத் தொடர்’ என்றும் வழங்கலாம். மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து வந்த எச்.இ.கே. 293 தொடரில் இவ்வேற்பி இயல்பாகவே சிறிதளவு உண்டே என்று கேட்கலாம். ‘ஏற்றிய’ என்னும் சொல் முன்பு எதுவும் இல்லை என்று சொல்வதில்லையாதலால் அங்கும் அது பொருந்தும்.

இப்பெப்டைடு மன அழுத்தத்தின்போது சுரப்பதால் அதன் ஏற்பியை ‘மன அழுத்த ஏற்பி’ என்று சுருக்குவதை மட்டும் தவிர்க்க வேண்டுகிறேன். குருதிச் சர்க்கரை தாழ்ந்தாலும் இதே பெப்டைடு சுரக்கும், அதில் மனத்துக்கு வேலையில்லை.

உட்செலுத்திய மரபணு குரோமோசோமில் பதியாமல் சில நாள்களில் மறைந்துவிடுமானால், அந்த உயிரணுக்களை ‘மரபணு ஏற்றிய உயிரணுக்கள்’ என்றே எழுதலாம். அங்கே ‘தொடர்’ வேண்டியதில்லை.