அழிக்கவே முடியாத ஃபைல், யாராவது வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. அக்கா கல்யாண வீடியோ இருக்கிற 64 ஜிபி பென் டிரைவ்ல ஒரே ஒரு ஃபைல் அடம்பிடிக்குது. பேர் முழுக்க கட்டம் கட்டமா என்னவோ குறி, அளவு 0 கேபி. டெலிட் கொடுத்தா 'கரப்ட் ஆகிடுச்சு, படிக்க முடியல'ன்னு 80070570 எரர். காப்பி ஓடும்போது கரண்ட் போனதோட வினை!

விண்டோஸ் 10. ரீஸ்டார்ட், சேஃப் மோடு, ஷிஃப்ட் டெலிட் எல்லாம் பார்த்தாச்சு. பாக்கி, டிஸ்க்ல இருக்கிற பிழையைத் தேடிச் சரிசெய்ற விண்டோஸோட செக்டிஸ்க் (chkdsk) கட்டளைதான். டிரைவ் எக்ஸ்ஃபேட்ங்கிற (exFAT) ஃபைல் சிஸ்டம்ல, அதாவது ஃபைலை அடுக்கி வைக்கிற முறையில இருக்கு. பிழையைத் திருத்தவும் சொல்ற ஸ்லாஷ் எஃப் (/f) போட்டு செக்டிஸ்க்கை ஓட்டினா மத்த வீடியோவுக்கும் ஏதாவது ஆகுமா? முதல்ல எல்லாத்தையும் வேற டிஸ்க்குக்கு மாத்திடணுமா? லினக்ஸ்ல பூட் பண்ணி யாராவது அழிச்சிருக்கீங்களா?

ஃபார்மட் பண்ணுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. வேற காப்பி கிடையாது, அக்காவுக்கு இன்னும் விஷயமே தெரியாது.